நாலாவது தேசிக்காய்

8.5.2004, சனி

தூறல். காலை வேலை முடிந்து, டிராம் சாரதிச் சீருடையோடேயே ஸ்ட்ரோம்மனுக்குப் போனேன். விளம்பரத்தில் பார்த்த மோரிஸ் மைனர் கார் அங்கே. 1955, கடும்பச்சை, நடுவே பிரிந்த முன்கண்ணாடி. திரும்பும்போது சிக்னல் காட்ட, கதவோரத்திலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளுகிறது. திருகோணமலையில் பெரியப்பா வாடகைக்கு ஓட்டியது இதே கார்தான். ஸ்டியரிங் மட்டும் மறுபக்கம்.

சொந்தக்காரர் ஆர்னே. எழுபது தாண்டியவர், தனி ஆள். அடுக்குமாடிக்கு மாறுகிறார், அங்கே கராஜ் இல்லை. கார் அவர் அப்பாவுடையது. அப்பா வடக்கே ஹம்மர்பெஸ்டில் டாக்டர். அந்த நாளில் இங்கே கார் வாங்க அரச அனுமதி வேண்டுமாம். டாக்டர் என்பதால் கிடைத்ததாம்.

விலை பேசவே விடவில்லை. ஒரே கேள்வி: “குளிர்காலத்தில் எங்கே நிற்கும்?”

வெஸ்ட்லியில், எங்கள் வீட்டுக்கு வெளியே, என்றேன்.

“அப்படியானால் இல்லை.” எனக்கு முன் வந்த மூன்று பேருக்கும் இதே பதிலாம்.

பஸ்ஸில் கண் கலங்கிவிட்டது. ஐம்பது வயதில் காருக்கு அழுகிறேன். வெட்கக்கேடு.

11.5, செவ்வாய்

வெயில். செய்ய வேண்டியவை: பல் டாக்டர், கோழி, நிலக்கீழ் கராஜ். மூன்றாவது மட்டும் நடந்தது. எங்கள் டொயோட்டாவை வெளியே எடுத்து, அந்த இடத்தைக் கூட்டிக் கழுவினேன்.

சிவம் வேலையால் வந்து பார்த்தார். “என்ரை காரை மழைக்குள்ளை விட்டுட்டு அந்தக் கிழவிக்கு அறையோ?”

“ஓம்.”

சிரித்துக்கொண்டு போய்விட்டார். நல்ல புருஷன். இதை அவரிடம் சொல்வதில்லை.

ஆர்னேவுக்குப் போன். காருக்குக் கராஜில் இடம் இருக்கிறது என்றேன். அவர்: “சனிக்கிழமை வாருங்கள். யோசிக்கிறேன்.”

15.5, சனி

குளிர். ஆர்னே வீட்டுக்குச் சிவமும் ஒரு பையோடு வந்தார். உள்ளே என்ன என்று பார்க்காதது என் பிழை. ஆர்னே இன்னும் சம்மதமே சொல்லவில்லை. நான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் நாலு சில்லுக்கும் முன்னால் நாலு தேசிக்காய் வைத்து, பொனட்டில் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார்.

“இன்னும் தரேல்லையப்பா. எடுங்கோ.”

“வைச்சதை எடுக்கக் கூடாது.”

ஆர்னே குனிந்து பார்த்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். புதிதாக வாங்கும் கார் முதலில் இவற்றை நசித்துக்கொண்டு போனால் அதற்கு ஒரு கெடுதியும் வராது என்று விளக்கினேன். சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தார். துடைக்கவில்லை.

“நான் ஓட்டலாமா?”

ஓட்டினார். மூன்று நசிந்தன. வலது பின் சில்லுக்கு வைத்தது உருண்டு தப்பியது. பின்னுக்கு எடுத்தார், மறுபடி முன்னுக்கு. தப்பியது. மறுபடி. மறுபடியும்.

சிவம் மெதுவாக: “என்ன மனுசன், ஒரு தேசிக்காய் நசிக்கத் தெரியேல்லை.”

“பேசாமல் நில்லுங்கோ.” பதினைந்து வருடமாக டிராம் ஓட்டுகிறேன். வேண்டுமென்றே தவறவிடுகிறவரை எனக்குத் தெரியாதா.

கடைசியில் இறங்கினார். சாவியை என் கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டார். நாலாவதை நான் எடுக்கவில்லை. அவர் கராஜ் வாசலிலேயே கிடக்கட்டும்.

16.5, ஞாயிறு

நல்ல வெயில். விடிந்ததிலிருந்து மூன்று தடவை கீழே போய்க் காரைப் பார்த்தாயிற்று. கோழி இன்னும் வாங்கவில்லை.

பதினொரு மணிக்கு ஆர்னே போனில். “ஒரு பழம் மிச்சம் கிடக்கிறது. அப்படியே விட்டால் காருக்கு ஏதும் ஆகுமா?”

ஆகும் என்றேன். நீங்கள்தான் ஓட்ட வேண்டும், இப்போதே காரோடு வருகிறோம்.

சிவம் குளிர்பெட்டியைத் திறந்து இன்னும் ஆறு தேசிக்காய் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.