ஆடி கழியட்டும் என்று சொன்னவன்

நான்கு நாளாக எங்கள் கப்பல் ஆபீஸில் ஈரச் சாக்கு வாடை. ரங்கூன் போட்டாதாங் துறையில் அரிசி மூட்டைகளை மூடியிருந்த தார்ப்பாயைக் காற்று கிழித்துப்போட்டது. நனைந்த மூட்டைகளையெல்லாம் எங்கள் வராந்தாவில் அடுக்கிவிட்டுப் போனவர்கள் இன்னும் திரும்பி வரவில்லை. இந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வராமல் என்ன செய்யும்? ஆலையில் அரிசித் தரம் பார்க்கிறவன் நீ; மூட்டை என்று ஒன்றைக் கண்டால் குத்தூசியைச் செருகி, நாலு மணியை எடுத்து முன்பல்லில் கடித்துப் பார்க்காமல் நீ தாண்டிப் போனதே இல்லை. எந்த ஆலை, எத்தனை நாள் காய்ந்தது, உடைசல் எவ்வளவு என்று கடித்த வாயோடு சொல்லிவிடுவாய். பந்தியில் உட்கார்ந்தும் சோற்றைக் குறை சொல்லி உன் மனைவி காமாட்சியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாய்.

மூட்டைகள் வந்த வியாழக்கிழமையன்றே ஒரு பர்மிய மர வியாபாரி குடையை மடக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். “சயா, நான் ஜெர்மனிக்கு, ஹாம்பர்க் நகரத்துக்குப் போக வேண்டும். எந்த மாதம் போனால் நல்லது?” என்றார்.

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மே மாதக் கடைசியில் போய்ச் சேருங்கள் என்றேன். ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்றும் நல்ல மாதங்கள், இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், மழை உண்டு, ஆனால் நம் ஊர் மழைபோல வந்து குடியிருக்காது. செப்டம்பர் முடிவதற்குள் திரும்பிவிடுங்கள், நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள் என்று மளமளவென்று ஒப்பித்தேன்.

“போயிருக்கிறீர்களா?” என்று கேட்டார் அவர்.

இல்லை என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. முன்பின் தெரியாத மனிதருக்கு இவ்வளவு சுளுவாகச் சொல்லத் தெரிந்தவன், உனக்கு ஏன் சொல்லவில்லை?

எனக்குத் தெரியாமல் இல்லையடா. ஹாம்பர்க்கிலிருந்து அரிசி ஏற்ற வந்த ஜெர்மன் கப்பலின் என்ஜினீயர் ஒருவர், நீ அங்கே போன வருஷம் பங்குனி வெயிலில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து விசிறிக்கொண்டே சொன்னதுதான் இத்தனையும். “எங்கள் ஊரில் கோடை ஒரு விருந்தாளி. அது வீட்டில் இருக்கும்போது வாருங்கள்” என்றார். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்றும், ஆற்றின்மேல் பனிக்கட்டி மிதக்கும் என்றும், குளிரைவிட அந்த ஈரக்காற்றுதான் நெஞ்சுக்குள் இறங்கும் என்றும் சொன்னார். நான் சிரித்தேன். டிசம்பர் என்றால் ரங்கூனில் மழை ஓய்ந்து உடம்புக்கு இதமான மாதம். உலகம் முழுக்க மாதம் ஒன்றுதான் என்பது போல ஒரு நினைப்பு எனக்கு.

இரண்டு மாதம் கழித்து நீ ஓடி வந்தாய். நம் அரிசியை வாங்கும் ஹாம்பர்க் கம்பெனி அங்குள்ள கிடங்கில் மூன்று மாதம் தரம் பார்த்துக் கொடுக்க உன்னைக் கூப்பிட்டிருந்தது. ஆனியிலும் கப்பல் உண்டு, கார்த்திகையிலும் உண்டு, உன் சௌகரியம் என்று எழுதியிருந்தார்கள். நாம் வழக்கமாகப் போகும் டீக்கடையில் உட்கார்ந்து, கோப்பையைத் தொடாமலே கேட்டாய். “நீ கப்பல்காரன். பஞ்சாங்கமும் உன்கிட்டதான் இருக்கு. எந்த மாசம் போகலாம், சொல்லு. நீ சொல்றதுதான்.”

கப்பல் ஆபீஸ் மேசையறையில் பஞ்சாங்கம் வைத்திருந்த குமாஸ்தா ரங்கூனில் நான் ஒருவன்தான். சூலம் பார்த்து, ராகுகாலம் பார்த்து, சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன். நம்மவர்கள் அதற்காகவே என்னைத் தேடி வருவார்கள். எனக்கும் தலை கால் புரியாது.

“ஆனியில ஏறுனா ஆடி பூரா கடல்லதான் கெடப்ப. காத்தும் மழையும் அலையுமா இருக்கும். புது ஊருல ஆடியில போயி யாராச்சும் காலடி வைப்பாங்களா? ஆடி கழியட்டும். தீபாவளிய முடிச்சிட்டு, மார்கழி பொறக்கறதுக்குள்ள கப்பலேறு” என்றேன்.

“குளிரா இருக்கும்னு ஆலையில பேசிக்கிட்டாங்களே?”

“கம்பளிக் கோட்டு எதுக்கு இருக்கு?”

நீ உடனே சரி என்றாய். அப்புறம்தான் டீயைக் குடித்தாய்.

ஆடியில் புது இடம் போவதில்லை என்பது நம் வழக்கம்தான். மழைக்காலத்துக் கடல் பொல்லாததுதான். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அன்று என் மனசில் இருந்தது ஆடியும் இல்லை, அலையும் இல்லை. ஆவணியில் என் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் உன் முகத்துக்காகச் சம்மதித்தவர்கள். நீ ஊரில் இல்லாவிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லிக் கைகழுவிவிடுவார்களோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அதை உன்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். “இருடா, கல்யாணத்த முடிச்சுட்டுப் போ, இல்லாட்டி அடுத்த வருசம் வைகாசியில போ” என்று கேட்டிருந்தால் நீ கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருப்பாய். கெஞ்சுவதற்கு வெட்கப்பட்டு, ஆடி மாதத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. சம்பந்திக்கு இலை போட்டவன் நீ. மழையில் பந்தல் ஒழுக, ஒழுகும் இடத்தில் நீயே குடை பிடித்துக்கொண்டு நின்றாய். காமாட்சி சீர்த்தட்டு எடுத்து வந்தாள்.

கார்த்திகை முதல் வாரம் நீ கப்பலேறினாய். சூரத்தி பஜாரில் வாங்கிய பழைய பட்டாளத்துக் கோட்டை, ரங்கூன் வெயிலிலேயே எங்களுக்குப் போட்டுக் காட்டினாய். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. எல்லோரும் சிரித்தோம். நல்ல நேரம் தவறக்கூடாது என்று நான்தான் உன்னை ஏணியில் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினேன்.

முதல் கடிதம் தை மாதக் கடைசியில் காமாட்சிக்கு வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். போய் இறங்கிய நாளிலிருந்து சூரியனையே பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். கிடங்கில் நெருப்பு மூட்டக்கூடாதாம். கையுறை போட்டால் மணியின் பக்குவம் தெரியாது என்று வெறும் விரலோடு வேலை செய்தாயாம். ‘அரிசி ஐஸ் மாதிரி இருக்கு, கடிச்சா பல்லு கூசுது’ என்ற இடத்தில் அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பனிக்கட்டியைப் பற்றி அந்த என்ஜினீயர் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மாசியில் ஆபீஸுக்குத் தந்தி வந்தது. நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் கிடந்திருக்கிறாய். எரிக்க நாதியில்லை, புதைத்தார்கள். பனியில் தரை இறுகிக் கிடந்ததால் குழி வெட்ட முடியாமல் ஆறு நாள் உன்னைக் காக்கவைத்தார்கள் என்று பிறகு கம்பெனிக்காரர் எழுதினார். அந்த ஆறு நாளை நான் காமாட்சியிடம் சொல்லவில்லை. அது உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

தந்திக்கு மூன்று வாரத்துக்குப் பிறகு உன் இரண்டாவது கடிதம் என் பெயருக்கு வந்தது. உறைமேல் செத்தவன் கையெழுத்து. நாலே வரி. ‘வர்ற வழியெல்லாம் கடல் அமைதியா இருந்துச்சு. ஒரு நாளும் வாந்தி இல்ல. நீ பாத்துச் சொன்ன மாசம் தப்பல. உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.’

அதை நான் என்ன செய்தேன் தெரியுமா? காமாட்சியிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். உன் எழுத்து அவளிடம் இருக்கட்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். உண்மையில், என்மேல் குற்றமில்லை என்று நீயே எழுதிக் கொடுத்தது போல எனக்கு இருந்தது. அவள் ரங்கூனுக்கு வெளியே தின்கன்ஜூனில் இருக்கும் அண்ணன் வீட்டோடு போய்விட்ட பிறகும், நான் போகும்போதெல்லாம் அதைச் சொல்லுவாள். “நல்ல மாசம் பாத்துத்தான் அனுப்புனீங்க அண்ணே. அவரே எழுதியிருக்காரே. என் விதி.” நானும் ஆமாம் விதி என்று தலையாட்டி, அவள் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். மூன்று வருஷம் குடித்தேன்.

அந்த வியாபாரி வந்துபோன பிறகு அது முடியவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, மழையோடு மழையாகக் குதிரைவண்டி பிடித்துப் போனேன். காமாட்சி முறத்தில் நொய் பிரித்துக்கொண்டிருந்தாள். “வாங்கண்ணே, நனைஞ்சிட்டீங்களே” என்று எழுந்தாள். உட்காராமலே சொல்லிவிட்டேன். என்ஜினீயர் சொன்னதை, ஆவணிக் கல்யாணத்தை, ஆடி என்று நான் சொன்ன சாக்கை, எல்லாவற்றையும்.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஆனியில போயிருந்தா அங்க வெயில் இருந்திருக்குமா?”

“இருந்திருக்கும்.”

“கார்த்திகைக்குள்ள திரும்பியிருப்பாரா?”

“திரும்பியிருப்பான்.”

“நாந்தானே அண்ணே அந்தக் கல்யாணத்துக்குச் சீர்த்தட்டு தூக்கிட்டு வந்தேன்” என்றாள்.

உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து உன் நாலு வரிக் கடிதத்தை என் கையில் வைத்தாள். “இது உங்களுக்கு எழுதுனது. நீங்களே வச்சுக்கங்க. இனிமே இங்க வர வேணாம்.”

வரும் வழியில் நனைந்துவிடக் கூடாது என்று அதைச் சட்டைக்குள் பனியனோடு சேர்த்து வைத்திருந்தேன். இன்று காலை வேறு சட்டை மாற்றியபோது அதை எடுத்து மேசையில் வைத்தேன். பெட்டியில் வைக்கலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. கிழிக்கவும் கை வரவில்லை. மறுபடியும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் புறப்பட்டேன். நீ எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாய். அதை உன்னிடமே திருப்பித் தர நீ இல்லை, அவளும் இனி அதை வாங்கிவைத்துக்கொள்ள மாட்டாள்.