கலெக்டர் தொண்டையில் முள்

1958 மார்ச் 3, திங்கள்

வெயில். பங்குனியே பிறக்கவில்லை, அதற்குள் ஆஸ்பத்திரி ஓடு சூடு தாங்காமல் சடசடக்கிறது. டாக்டர் காலையில் லால்குடிப் பக்கம் புறப்பட்டார். மாடுகளுக்கு வெக்கை நோய், ஊர் ஊராகப் போய் ஊசி போட வேண்டும். திரும்ப ஒரு வாரமாவது ஆகும். அதுவரை ஸ்ரீரங்கம் மாட்டாஸ்பத்திரிக்கு கம்பவுண்டர் முத்தையாவே சகலமும். எட்டாம் கிளாஸ் படித்தவனுக்கு இது பெரிய சாம்ராஜ்யம்.

போகும்போது அவர் சொன்னது: "புண்ணுக்குக் கட்டுப் போடுங்க, பேதிக்கு மருந்து குடுங்க. வேற எது வந்தாலும் நான் வர்ற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்க. நீங்களா எதுவும் பண்ணிட வேண்டாம்."

சரிங்க என்றேன். (இனி அவரை டா. என்றே எழுதுவேன். மரியாதைக் குறைவுதான். அவர் இதைப் படிக்கப் போவதில்லை.)

இன்று வந்தவை: ஜட்கா குதிரை, காலில் புண். கன்றுக்குட்டி இரண்டு, பேதி. கிளி ஒன்று.

கிளி உத்தர வீதி மாமியுடையது. கூண்டை மேஜையில் வைத்துவிட்டு, "நாலு நாளா ரங்கான்னு பகவந்நாமமே சொல்றதில்லை. என்ன அபசாரம் நடந்ததோ தெரியலை, பாருங்கோ" என்றாள். பார்த்தேன். கிளியும் என்னைப் பார்த்தது. மிளகாய்ப் பழம் கொடுப்பதுண்டா என்று கேட்டேன். "ஆத்திலே யாருக்கும் காரம் ஒத்துக்கறதில்லை, அதனாலே அதுக்கும் நிறுத்திட்டேன்." தினம் இரண்டு கொடுக்கச் சொன்னேன்.

மார்ச் 5, புதன்

கிளி பேசிவிட்டது! மாமி வாசலிலிருந்தே, "டாக்டர், திருவாய் மலர்ந்துடுத்து!" நான் வெறும் கம்பவுண்டர் என்று திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. சைக்கிளில் திருவானைக்காவல் வீட்டுக்கு வரும் வரை தலை ஓர் அங்குலம் உயரம்.

வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். பாக்கியம், "கிளிக்கு மொளகாப் பழம் குடுக்கணும்னு ஜோசியக்காரனுக்குக் கூடத் தெரியுமே" என்று உள்ளே போய்விட்டாள். பெண்டாட்டி அமைவது அப்படி. அமுதா மட்டும் மறுபடி சொல்லச் சொன்னாள். பதினோரு வயது, இன்னும் அப்பாவை நம்புகிறாள். பக்கத்து வீட்டு லூர்து அண்ணன் (ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர்) வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அப்ப இனிமே டாக்டர் முத்தையான்னு போர்டு மாட்டிட வேண்டியதுதான்" என்றார். சிரித்தேன். போர்டு எந்த நிறத்தில் என்றும் யோசித்தேன்.

கலெக்டர் இன்று வாசலுக்கு வரவில்லை. கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. கலெக்டர் எங்கள் நாய். குட்டியிலேயே வாசற்படியில் நிமிர்ந்து உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் மனு வாங்குவது போல் பார்க்கும், அதனால் நான் வைத்த பெயர். அதன் தட்டில் ஒரு வாய் வைத்த பிறகுதான் அமுதா சாப்பிடுவாள். வெயிலுக்குச் சுருண்டிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

ஜட்கா குதிரை தேறிவிட்டது. வண்டிக்காரர் கும்பிட்டார். சைக்கிள் பின் டயர் பஞ்சர்.

லூர்து அண்ணன் வீட்டில் தவக்காலம், வெள்ளிக்கிழமை கறி கிடையாது, மீன்தான். அவர் சம்சாரம் எஸ்தர் அக்கா ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பினார்கள். மீன் தலை கலெக்டருக்குப் போயிற்று. அரைமனதாகக் கடித்தது.

மார்ச் 9, ஞாயிறு

எழுதக் கை பரபரக்கிறது, ஏனென்றால் இன்று நான் ஆபரேஷன் செய்தேன்.

நேற்றிலிருந்து கலெக்டர் வாயை மூடவில்லை. கீழ்த்தாடை தொங்குகிறது. எச்சில் கயிறாக வடிகிறது. தண்ணீரில் மூக்கை வைக்கிறது, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. குரைப்பும் இல்லை. பார்த்ததுமே சொல்லிவிட்டேன்: வெள்ளிக்கிழமை மீன் முள், தொண்டையில் குறுக்கே.

ஆஸ்பத்திரியிலிருந்து இடுக்கி, விளக்கெண்ணெய், டார்ச் விளக்கு. கலெக்டர் வேறு யாருக்கும் அடங்காது. அமுதா முழங்காலுக்கு நடுவே அதன் தலையை வைத்துப் பிடித்துக்கொண்டாள். நான் அதன் வாய்க்குள் கையை விட்டேன். லூர்து அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மயக்க மருந்து யாருக்கு டாக்டரே, நாய்க்கா உங்களுக்கா?"

"வேணாம்ப்பா. அதுக்கு வலிக்குது. டாக்டர் வந்ததும் பாக்கட்டும்ப்பா" என்றாள் அமுதா.

"நான் பாக்காததையா அவர் பாத்துடப் போறார்? பேசாமப் புடி. கெட்டியா."

பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாள். முள் அகப்படவில்லை. பல் என் விரலில் இரண்டு இடத்தில் கீறியது. அவள் பாவாடை முழுவதும் எச்சில். பென்சில் சீவும்போது பிளேடு வெட்டிய விரலை அவள் துணியால் சுற்றியிருந்தாள், அந்தத் துணியும் நனைந்துவிட்டது. கடைசியில் எண்ணெயை ஊற்றி, முள் உள்ளே இறங்கிவிட்டது, நாளைக்குச் சரியாகிவிடும் என்று அறிவித்தேன். லூர்து அண்ணன் கை தட்டினார்.

மார்ச் 10, திங்கள்

சரியாகவில்லை. பின்னங்கால் தள்ளாடுகிறது. எண்ணெய் அப்படியே வெளியே வழிந்து கிடக்கிறது.

டா. நாளை காலை வருகிறார் என்று ஆள் வந்து சொன்னான். இடுக்கியைக் கழுவி அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

கலெக்டரைச் சாக்கில் சுற்றி, குணமான அதே குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்கு. அமுதா ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று கூடவே வந்தாள்.

டா. கிட்டே வரவில்லை. மூன்றடி தள்ளியே நின்று பார்த்தார்.

"வாயில கை விட்டீங்களா?"

"விட்டேங்க. முள் இருக்கான்னு."

"எந்தக் கை?"

காட்டினேன். கீறலைப் பார்த்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இடுக்கியை எடுத்ததற்காகத் திட்டப் போகிறார் என்றே நின்றேன்.

"தெரு நாய் ஏதாவது இதைக் கடிச்சுதா?"

"தை மாசம் காதைக் கிழிச்சுக்கிட்டு வந்துதுங்க. டிங்சர் போட்டேன்."

"என்கிட்ட சொல்லலியே."

"வீட்டு நாயைப் போயி உங்ககிட்ட…"

"வேற யாரு தொட்டா?"

"எம் பொண்ணு இருக்காளே, அவதாங்க தலையைப் பிடிச்சுக்கிட்டா. கொஞ்சம்கூட பயப்படலை." இதைப் பெருமையாகச் சொன்னேன். பெருமையாக.

டா. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். வெறி என்றால் ஓடும், கடிக்கும் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ஓடாத வெறியும் உண்டு. ஊமை வெறி. தாடை தொங்கும், விழுங்க முடியாது. பார்க்கிறவர்கள் எலும்பு, முள் என்று நினைத்துக் கையை விடுவார்கள். "எல்லா ஊர்லயும் இதே தப்பைத்தான் பண்றாங்க முத்தையா. ஆனா நீங்க பண்ணலாமா?"

அமுதா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கார்பாலிக் சோப்பில் அவள் கையை அவரே கழுவினார். விரலிலிருந்த துணியை அவிழ்த்தார், வெட்டு இன்னும் ஆறவில்லை. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து நேரே பெரிய ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றி ஊசி, இரண்டு பேருக்கும். தினம் ஒன்று, மொத்தம் பதினாலு. முதல் ஊசிக்கு அவள் என் கையைத் தேடவில்லை. நர்ஸம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 12, புதன்

கலெக்டர் காலையில் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கூண்டில், சத்தமில்லாமல்.

தலையை மட்டும் எடுத்து ஐஸில் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார் டா. வேலையை அவரே செய்தார், கையுறை போட்டுக்கொண்டு. "நீங்க வெளியே இருங்க" என்றார். இருந்தேன். வேறு எத்தனை நாய்க்கு நானே பெட்டி கட்டி அனுப்பியிருக்கிறேன். மீதியைக் கொள்ளிடக் கரையில் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு.

வீட்டில், "புதைச்சாச்சு" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி

பங்குனி முதல் நாள். பாக்கியம் பாயசம் வைக்கவில்லை.

ஊசி போட்டுத் திரும்பும்போது அமுதா இடத்தைக் காட்டச் சொன்னாள். மூன்று நாளில் என்னோடு பேசிய முதல் வார்த்தை. கூட்டிப் போனேன். ஒரு கை அரளிப் பூ பறித்து வந்திருந்தாள்.

"தலை எந்தப் பக்கம்ப்பா?"

காற்று. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான்.

"கெழக்கே" என்றேன்.

கிழக்குப் பக்கம் போய் உட்கார்ந்து, பூவை ஒவ்வொன்றாக வைத்தாள். மண்ணைத் தடவிக் கொடுத்தாள், காதுக்குப் பின்னால் தடவுவது போல. நான் சைக்கிளைப் பார்க்கப் போவது போல் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

வயிறு முழுக்கத் தடிப்பு, அரிப்பு. வேட்டி இறுக்கிக் கட்ட முடியவில்லை. அவளுக்குப் பாவாடை நாடாவைப் பாக்கியம் மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டுகிறாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களுக்குத் தனி வரிசை. ஆர்டர்லி ஊருக்கே கேட்கிற குரலில், "நாய்க்கடியெல்லாம் இந்தப் பக்கம் வாங்க!"

"எங்களைக் கடிக்கலீங்க" என்றேன்.

"கடிக்காமயா ஊசி போட வந்தீங்க? கடிச்சாலும் கடிக்காட்டியும் நாய்க்கடிதான். நில்லுங்க பெரியவரே."

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அமுதா பக்கம் பார்த்தேன். சிரிக்கவில்லை.

மாலையில் லூர்து அண்ணன் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம். வழக்கமாக வேலியோடு நிற்பவர், இன்று வாசல் வழியாக. கேலி இல்லை. பழத்தை என் கையில் வைத்துவிட்டு, "எங்க வீட்டு மீனாலதானே தம்பி இவ்வளவும்? எஸ்தர் அழுதுக்கிட்டே இருக்கா. சர்ச் சாமியார்கிட்ட போய்ப் பாவமன்னிப்புக் கேக்கப் போறேங்கறா" என்றார்.

பாவி நான். என் பயத்தில், அது மீனே இல்லை என்று அவர்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு வாரமாக அந்த அம்மாள் என் பாவத்தைச் சுமந்திருக்கிறார்கள். எழுந்து போய் நேரே சொன்னேன்: "மீன்ல ஒண்ணும் இல்லக்கா. முள்ளே இல்லை. நாந்தான் இருக்குன்னு சொன்னேன்." அவர்கள் மறுபடியும் அழுதார்கள். சொல்லாமலே இருந்திருக்கலாமோ.

மார்ச் 20, வியாழன்

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வெறிதான். டா. சொல்லிவிட்டு, என் தோளில் கை வைத்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"ஊசி வேளைக்குப் போட்டாச்சு. பயப்படாதீங்க" என்றார். பயப்பட வேண்டாம் என்று நானும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் மாடு எழுந்திருக்காது என்று தெரிந்தே.

இன்று ஒரு கிழவர் வாய் திறந்தபடி இருக்கும் நாயோடு வந்தார். கிட்டே போகாமல் கத்தினேன்: யாரும் தொடாதீங்க! பார்த்தால் கொட்டாவி. நாய் கொட்டாவி விட்டது. கிழவர் பயந்து நாயை விட்டுவிட்டு ஓடினார்.

மார்ச் 24, திங்கள்

கடைசி ஊசி. அங்கிருந்த டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன், இனி ஒன்றும் வராதே? "வராதுன்னுதான் போடறோம். ஆறு மாசம் வரைக்கும் கவனமா பாத்துக்குங்க. தண்ணி குடிக்கக் கஷ்டப்பட்டா, தொண்டை இழுத்துக்கிட்டா உடனே வாங்க." வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும். இதுவாவது தெரியும்.

என்னைப் பற்றிக் கவலையில்லை. என் கை, நானாக விட்டேன். அவள் வேண்டாம் என்றாள்.

வரும் வழியில் ஒரு காப்பி கிளப்பில் அல்வா வாங்கிக் கொடுத்தேன். பாதி தின்றாள். பாதியை இலையில் மடித்தாள். யாருக்கு என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

அனல் காற்று. மாட்டாஸ்பத்திரியில் கூட்டமில்லை.

யாரோ பாக்கியத்திடம் சொல்லியிருக்கிறார்கள், நாய்க்கடிக்காரர் தண்ணீரில் குனிந்து பார்த்தால் உள்ளே நாய் தெரியும் என்று. இரண்டு நாளாக அமுதாவைக் கிணற்றுப் பக்கம் விடுவதில்லை. முட்டாள்தனம் என்று சத்தம் போட்டேன். போட்டுவிட்டு, நானே போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். மீசைதான் தெரிந்தது.

சாயங்காலம் ஸ்கூலிலிருந்து வந்தவள் பானையில் மொண்டு குடித்தாள். நான் செய்தித்தாளுக்கு மேலே கண்ணை வைத்துக்கொண்டு அவள் தொண்டையைப் பார்த்தேன். இறங்கியது. நேற்றும் பார்த்தேன், முந்தாநாளும். அவள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"ஏம்ப்பா நான் தண்ணி குடிக்கிறப்பல்லாம் பாக்கறீங்க?"

ஒன்றுமில்லை என்றேன்.

அவள் கிட்டே வந்து என் எதிரே உட்கார்ந்து, இன்னொரு டம்ளர் குடித்துக் காட்டினாள். மெதுவாக, நான் பார்க்கிற மாதிரி.