பதினோரு மணிக் குறிப்பு

மச்சான்,

இன்று காலை உன் முழுக்கைச் சட்டைகளை உன் தங்கச்சி வெயிலில் போட்டாள். வெள்ளைச் சட்டையின் இடது கையைத் திருப்பியபோது உள்ளே ஒரு பிளாஸ்திரித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டுவார்களே, அது. எடுத்து மோந்து பார்த்தேன். மருந்து வாசனை போய்விட்டது, ரப்பர் வாசனை மட்டும் மிச்சம். விழுப்புரத்திலிருந்து வரும்போது பஸ் செஞ்சிக்குள் நுழைவதற்கு முன்பே அதைப் பிய்த்து ஜன்னல் வழியாக எறிந்துவிடுவாய். இது ஒன்று மட்டும் உனக்கு டிமிக்கி கொடுத்திருக்கிறது.

எனக்கு எழுதத் தெரியாது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சிதான் எழுதுகிறாள். அவளைப் பற்றி ஏதாவது சொன்னால் அதை மட்டும் விட்டுவிடுவாள் என்று நினைக்கிறேன். "எல்லாத்தையும் எழுதறேன், நீ சொல்லிக்கினே போ" என்கிறாள்.

சென்னையில் அச்சாபீஸ் வேலையெல்லாம் முடிந்து, வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்த பிறகு, நீ எங்கள் தெருவுக்கே குடி வந்தாய். நான் கமிட்டியில், அந்த நெல்லும் மல்லாட்டையும் ஏலம் போகிற இடத்தில், மூட்டை தூக்கி ஓய்ந்தவன். உனக்குக் கிட்னி போனது தெரிந்ததும் வாரத்தில் இரண்டு நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் பண்ண விழுப்புரம் போகவேண்டி வந்தது. துணைக்கு நான் வந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நீ போனை எடுப்பாய். அதில் ஒரு குழு இருந்தது. கோயம்புத்தூரில் ஓர் அம்மா காலை ஆறு மணிக்குக் கட்டம் போட்ட படம் ஒன்றும் குறிப்புகளும் அனுப்புவார். எங்கெங்கோ இருக்கிற ஜனங்கள் உட்கார்ந்து அதற்கு வார்த்தை கண்டுபிடிப்பார்கள். குறிப்பு வெளியே ஒன்றைச் சொல்லும், உள்ளே வேறொன்றை வைத்திருக்கும். விடையைக் குழுவில் போட்டு உடைக்கக் கூடாது. அந்த அம்மாவுக்கு மட்டும் தனியாக அனுப்பிவிட்டு, குழுவில் 'விழுந்தது' என்று மட்டும் போடவேண்டும். சாயங்காலம்தான் எல்லாவற்றையும் பிரித்துச் சொல்வார்கள்.

முதல் நாள் நீ எனக்குப் படித்துக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? அனந்தபுரம் வருவதற்குள் நடந்தது.

"சமுத்திரத்தை வறுத்துத் தின்னலாம். மூணு எழுத்து."

"வறுத்துத் தின்றது மல்லாட்டதான்" என்றேன். விரலை மடக்கிப் பார்த்தேன். "ம, ல்லா, ட்டை. மூணு. சரியாத்தான இருக்குது."

"புள்ளி வச்ச எழுத்துக்கும் ஒரு கட்டம் குடுக்கணும் மச்சான். இது அஞ்சு."

"தனியா சத்தமே வராததுக்கு எதுக்கு ஒரு கட்டம்?"

"உனக்கு எதுக்கு ரேஷன் கார்டு? அது மாதிரிதான்."

"சரி, அப்ப கடலன்னு போடு. மெட்ராஸ்காரன் அப்படித்தான சொல்லுவான்."

நீ போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். சமுத்திரம் என்றால் கடல், சமுத்திரத்தை என்றால் கடலை. எனக்கு அது அப்புறம்தான் உறைத்தது. "குருட்டாம்போக்குல அடிச்சிட்டு என்னா மொறைக்கிற" என்று தோளில் தட்டினாய். இத்தனை வருஷம் மூட்டை மூட்டையாகச் சமுத்திரத்தைத்தான் முதுகில் சுமந்திருக்கிறேன் என்று நான் சொன்னதற்கு, முன் சீட்டில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அப்புறம் உன் பழைய போனை எனக்குக் கொடுத்து என்னையும் குழுவில் சேர்த்துவிட்டாய். "கட்டம் போட்ட படம் இருந்தா குழு. மஞ்சப் பூ இருந்தா அந்த அம்மா. மைக்க அமுக்கிப் பேசு, வேற எதையும் தொடாத" என்றாய். ஒரு தடவை நீ படித்துவிட்டால் போதும், மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் எல்லாம் எனக்கு மனசில் நிற்கும். நீ மெஷினில் சாய்ந்திருக்கும்போது நான் குறிப்பைத் திருப்பிச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டே பதில் சொல்வாய். 'செஞ்சிக்காரர்' என்றுதான் குழுவில் உன்னைக் கூப்பிடுவார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒரு தம்பி, "செஞ்சிக்காரர் இன்னும் போர்வையை விட்டு வரலியா?" என்று கேட்பான். பதிலுக்கு நீ அவனை ஒரு வாங்கு வாங்குவாய்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாய். உடம்பு விஷயம் அங்கே யாருக்கும் தெரியக் கூடாது. தெருவில் கால் வைத்தால் கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்கிறார்கள், டீக்கடையில் தண்ணீர் டம்ளரைப் பார்த்தால் பிடுங்கிக்கொள்கிறார்கள். "அந்த ஒரு எடத்துலதான் மச்சான் நான் நோயாளி இல்ல" என்றாய்.

அதைக் கெடுத்தவன் நான்.

கெடுக்கவேண்டும் என்றா செய்தேன்? மெஷின் நாட்களில் விடியற்காலையிலிருந்தே உனக்கு வாந்தியும் மயக்கமும். நீ பஸ் ஏறிப் போனைக் கையில் எடுக்கும்போது பதினொரு மணி. அதற்குள் எல்லாக் கட்டமும் எல்லாருக்கும் விழுந்திருக்கும். கடைசி ஆளாக 'விழுந்தது' என்று போட உனக்குக் கூச்சம், சில நாள் போடாமலே விட்டாய். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த அம்மாவுக்குத் தனியாகச் சொல்லி, நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லலாம் என்று நினைத்தேன். மஞ்சப் பூவைத் தேடி அமுக்கினேன். "அம்மா, மச்சானுக்குக் கிட்னி ரெண்டும் போயிட்ச்சி. வாரத்துல ரெண்டு நாள் மெஷின்ல கெடக்கறான். நீ பதினோரு மணிக்குப் போட்டீன்னா அவனும் எல்லாரோட சேந்து ஆடுவான். நான் சொன்னேன்னு அவனுக்குத் தெரிய வேணாம்" என்று பேசிவிட்டேன்.

பொங்கலுக்காகக் குழுவின் படத்தை மாற்றி, கோலத்தில் வைத்த பூசணிப் பூவைப் போட்டிருந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பெயரைப் படிக்கத் தெரிந்தவன் தப்பித்துக்கொள்வான். எனக்கு இரண்டும் மஞ்சப் பூ.

மறுநாள் பஸ்ஸில் நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. குழுவில் வந்திருந்ததை எல்லாம் குறிப்பு படிக்கிற அதே குரலில் எனக்குப் படித்துக் காட்டினாய். கும்பிடு போட்ட கைகள். 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா.' 'என் சித்தப்பாவுக்கும் இப்படித்தான்.' யாரோ ஒருவர் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொல்லியிருந்தார்.

"கீழாநெல்லி. அஞ்சு எழுத்து" என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் எதையோ அமுக்கினாய். குழுவை விட்டு வெளியேறிவிட்டாய் என்று நர்ஸ் பொண்ணு பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த முறை போகும்போது போனையே நீ எடுத்து வரவில்லை. மெஷினில் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இன்னும் எத்தனை தடவை இப்படி வரணும் என்று டாக்டரைக் கேட்டாய். நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டாய். அந்தக் கேள்வியை நான் வீட்டில் சொல்லவில்லை. இப்போது எழுதும்போதுதான் உன் தங்கச்சிக்குத் தெரிகிறது.

அன்றைக்கு அந்தக் கோயம்புத்தூர் அம்மாவே எனக்குப் போன் பண்ணினார்.

"ஏனுங்க, அவரு எப்படி இருக்காருங்க?"

"உடம்பு அதே மாதிரிதாம்மா. மனசுதான் வுட்டுப் போச்சி. ஒங்க கிட்ட மட்டும்தான் அவன் நல்லா இருந்தான். இப்ப அங்கயும் எல்லாரும் நலம் விசாரிக்கறாங்க."

"புரியுதுங்க" என்றார். "குழுவுல நான் சொல்லிப் போடறனுங்க. குறிப்பை ஒங்களுக்குக் குரல்ல அனுப்பறேன். நீங்க அவரு காதுல போட்டு வைங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க."

அப்படியே செய்தேன். உன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, யாருக்கோ சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீ அசையவில்லை. அதற்கடுத்த முறையும் சொன்னேன். அதற்கும் நீ அசையவில்லை. மூன்றாவது முறை ஒரு குறிப்பு வந்தது.

"மாலையில் கால் ஒடிந்தது ஏறிய இடத்தில். ரெண்டு எழுத்து."

நீ சுவரைப் பார்த்தபடியே, "மலை" என்றாய்.

"எப்பிடி?"

"மாலைன்னு எழுதறப்ப 'ம'வுக்குப் பக்கத்துல ஒரு கால் நிக்கும். அத ஒடச்சிட்டா மலை." அப்புறம் தலையைத் திருப்பினாய். "ஆனா இது தப்பு மச்சான். ஏறிய இடம்னா மலைதானா? பஸ்ஸும் ஏறின எடம்தான், ஏணியும் ஏறின எடம்தான். கடசீல 'இல்' வேற சும்மா தொங்கிக்கினு கெடக்குது. இத எவன் ஒத்துக்கிட்டான்?"

"எல்லாரும்தான் விழுந்துதுன்னு போட்டானுங்களாம்."

"போன குடு."

ஊசி போட்ட கை அசையக் கூடாது. மற்றக் கையால் என் போனிலேயே மைக்கை அமுக்கி, எல்லாருக்கும்தான் விழுந்துவிட்டதே என்று அந்தக் குறிப்பைக் குழுவிலேயே வரி வரியாகப் பிரித்துப் போட்டாய். நான் பயந்துகொண்டிருந்தேன். யாராவது 'ஐயா, உடம்பு எப்படி இருக்கிறது' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், நீ இனிமேல் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டாய்.

அந்த அம்மாவின் குரல்தான் முதலில் வந்தது. "வாசல்லயே மூணு மலைய வச்சுக்கிட்டு, ஏறுற இடம் எதுன்னு கேக்கறாரே இந்தச் செஞ்சிக்காரரு. அந்த ஊரு பஸ்ஸு மேல கோட்டை கட்டியிருக்காங்களாக்கும்?"

பின்னாலேயே சிங்கப்பூர்த் தம்பி: "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போங்க சார், எதுக்கு இலக்கணம் பேசறீங்க?"

நீ விட்டாயா? மெஷின் ஓடி முடிகிறவரை சண்டை. நர்ஸ் பொண்ணு வந்து, "பிரஷர் ஏறுது தாத்தா, சத்தம் போடாதீங்க" என்றாள். "ஏறட்டும்மா, இவங்களுக்கு ஒரு குறிப்பு ஒழுங்கா எழுதத் தெரியல" என்றாய். கடைசியில் 'இல்' இல்லாமல் எழுதியிருக்கலாம் என்று அந்த அம்மா பாதி இறங்கி வந்தார். நீயும் பாதி இறங்கினாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தொடையைத் தட்டி, "ஒருத்தனும் எரக்கப்படல மச்சான். என்னா கிழி கிழிச்சானுங்க பாத்தியா" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் உன் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

அந்த அம்மா அந்தக் குறிப்பை வேண்டுமென்றே ஓட்டையாகப் போட்டாரா? இன்றைக்கு வரைக்கும் நான் கேட்டதில்லை. மறுநாளிலிருந்து கட்டம் பதினொரு மணிக்கு வர ஆரம்பித்தது. காரணத்தை யாரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. டாக்டரிடம் கேட்ட அந்தக் கேள்வியை நீ மறுபடி கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், இன்னொரு தீபாவளியும் பார்த்தாய். நெஞ்சு நின்ற நாளில்கூட உனக்கு இரண்டு கட்டம்தான் பாக்கி இருந்தது.

நீ போன பிறகு தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் நின்று, தலையை ஆட்டி, பாவம் என்கிறார்கள். குழுவில் செய்தி சொன்ன அன்று மட்டும் எல்லாரும் அழுதார்கள். அடுத்த நாள் பதினொரு மணிக்குக் கட்டம் வந்தது. எனக்காகக் குரலில் அனுப்பட்டுமா என்று அந்த அம்மா கேட்டார். அதற்குள் உன் தங்கச்சி, "ஏன், நான் படிக்க மாட்டனா?" என்று போனை வாங்கிக்கொண்டாள். கிழவனுங்க ரெண்டும் கட்டத்துக்குள்ள பூந்துக்கினு கெடக்குது என்று திட்டியவள்தான். ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். எனக்கு அந்த வேகமே போதும்.

நேற்று ஒரு குறிப்பைப் படித்துக்கொண்டே வந்தவள், 'அண்ணன்' என்று ஒரு வார்த்தை வந்ததும் நின்றுவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழைய ஆளாக இருந்தால், ஏன்டி அழற, வுடு வுடு, போனவன் வரவா போறான் என்று நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவள் துடைத்து முடிக்கிறவரை சும்மா இருந்தேன்.

பிறகு, "எத்தன எழுத்து?" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எண்ணிச் சொன்னாள்.