தளம் உடையாத சண்டை

பங்குனி, வெள்ளி இரவு

தூக்கம் வரவில்லை. சாயங்காலம் உப்பளத்தில் நிற்கும்போது மகள் கயல் ஹாங்காங்கிலிருந்து வீடியோ காலில் வந்தாள். சொந்தமாகப் படம் எடுக்கிறவள். குங்ஃபூ படங்களுக்குச் சண்டை அமைத்த ஒரு கிழவரைத் தேடிப் போயிருக்கிறாள்; அவரும் அவள் பக்கத்தில் இருந்தார். அவர் முடியாது என்றால் அவள் படம் அதோடு நின்றுவிடும்.

“அப்பா, மாஸ்டருக்கு நம்ம பாத்திய காட்டுங்க. கடைசி சண்டை அங்கதான்.”

போனைத் திருப்பினேன். பாத்தித் தண்ணீரில் வானம் முழுசாகக் கிடந்தது. கிழவர் திரையை நோக்கிக் குனிந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “ஏம்மா, உள்ள குதிச்சா அடியில இருக்குற மண் தளம் உடைஞ்சிடும். ஆளுங்க பத்து நாள் காலால மிதிச்சு இறுக்குனது. சேறு கலந்தா உப்பு கருத்துடும். தர மாட்டேன்.”

அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னாள். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

“என்னாவாம்?”

“எவன் தளத்த உடைக்கிறானோ அவன் தோத்தான். அதான் சண்டையாம்ப்பா! பாத்தி கெடச்சா அவரே வர்றாராம். எப்படி மிதிப்பாங்கன்னு உங்கள காட்டச் சொல்றாரு.”

செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் மிதித்துக் காட்டினேன். ஆட்கள் சிரித்தார்கள். ஒரு காலத்தில் கூலிக்கு மிதித்த கால், மறக்கவில்லை.

இப்போது கண்ணை மூடினால் இரண்டு பேர் வானத்தின் மேல் சத்தமில்லாமல் சண்டை போடுகிறார்கள். ஒரு மேகம்கூடக் கலையவில்லை.

தருகிறேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

கிழக்குப் பாத்தியில் தளம் நல்ல இறுக்கம். காலையில் கயலிடம் அதைச் சொல்ல வேண்டும்.