பிப்ராகட்டில் பிள்ளைகளைச் சிறைவைத்த நாடாள்வார்

மங்கலம் பெருகுக. மழை பொய்யாத வேங்கைமலை நாட்டைத் தம் குடை நிழலில் காக்கும் பெருவேந்தர் நெடுமுடிக்கோ அவர்களின் திருவாய்மொழிப்படி, திருவோலை நாயகம் எயினங்கண்ணன் எழுதிய ஓலை. சோன்வதி ஆற்றின் வடகரையில் இந்தி மொழி வழங்கும் பிப்ராகட் வளநாட்டின் பஞ்சாயத்தாரும், உழவரும், ஓடக்காரரும், எல்லாருக்கும் முன்பாகப் பிள்ளை பெற்ற பெண்டிரும் காண்க. உங்கள் ஆறு கரை மீறாதிருக்க, உங்கள் தொட்டில்கள் நிறைந்திருக்க. இவ்வோலையைப் பிள்ளைகள் அடைபட்டிருக்கும் நெற்கொட்டாரத்து வாசலில் நின்று துபாஷி உங்கள் மொழியில் உரக்கச் சொல்லுக. சொல்லி முடியுமட்டும் உங்கள் நாடாள்வார் தலைப்பாகையின்றி வெயிலில் நிற்க.

வெள்ளம் வந்தால் எத்தனை உயிரைக் கரையேற்ற வேண்டும் என்பதை அறியவே, பிப்ராகட்டின் குடிகளை எண்ணி வருமாறு வேந்தர் பணித்தார். பணியை ஏற்ற நாடாள்வார், எண்ணத் தொடங்குமுன்பே ‘கணக்கறி பேரரையர்’ என்ற பட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை என்று நாங்களும் கொடுத்துத் தொலைத்தோம். அவர் பல்லக்கில் ஏறி, மூக்கில் பட்டுத்துணியை வைத்து, எள் விழ இடமில்லாத உங்கள் தெருக்களைப் பார்த்தார். ஒரே கயிற்றுக்கட்டிலில் தமையன் எழுந்ததும் தம்பி படுப்பதைப் பார்த்தார். கட்டில் போதவில்லை என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆள் அதிகம் என்று தோன்றியது. குடிகள் ஈசல்போலப் பெருகியதே இந்நாட்டின் குற்றம் என்று அன்று மாலையே எழுதியனுப்பினார். ஊரறிந்த பஞ்சாயத்தாரை நீக்கிவிட்டு, இந்தியில் தண்ணீர் கேட்கவும் தெரியாத தம் எழுத்தர்களை வீடு வீடாக ஏவினார்.

அவர் விதித்த விதி ஒன்றுண்டு. எந்தப் பிள்ளையை யார் தன் பிள்ளை என்று வாயால் சொல்கிறாரோ, அவர் வீட்டுக் கணக்கில் அப்பிள்ளை எழுதப்படும் என்பதே அது. இங்கேதான் பேரரையரின் கணக்கு கவிழ்ந்தது. முன்பு பிள்ளையைப் பறிகொடுத்த பெண் மறுபடி பெற்றால், பிறந்த குழந்தையை உடனே மருத்துவச்சியிடம் ஒரு சோழிக்கு விற்றுவிடுவதும், பின்பு வளர்ப்பதற்கென்று ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வதும் உங்கள் வழக்கம். விற்ற பிள்ளையை அவள் பிறகு ஒருநாளும் தன் பிள்ளை என்று சொல்லமாட்டாள். சொன்னால் எமன் காதில் விழும். முன்பு கொண்டுபோனவன் இதையும் தேடி வருவான். ஆகவே எழுத்தர் கேட்ட வீடுகளிலெல்லாம், மடியில் பால் குடிக்கும் குழந்தையைக்கூட, இது எங்களுடையதன்று, மருத்துவச்சி பூல்மதியுடையது என்றே பெண்கள் சொன்னார்கள்.

எழுத்தர்கள் எழுதினார்கள். ஓலை சேரச் சேர, ஆட்டுக்கொட்டில் அளவுள்ள பூல்மதியின் குடிசையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் வசிப்பதாக ஏறியது. தலையில் களிமண் இல்லாத எவனும் அங்கே நிறுத்தி, இதென்ன கூத்து என்று கேட்டிருப்பான். நாடாள்வார் கேட்கவில்லை. பெரும் பிள்ளைத் திருட்டு ஒன்றைத் தாம் ஒருவராகவே கண்டுபிடித்துவிட்டதாக அவருக்கு உள்ளம் பூரித்துப்போயிற்று. பிடித்து நிறுத்தப்பட்ட பூல்மதி, துபாஷியின் வாய்வழியே, “பேருக்குத்தான் ஐயா என் புள்ளைங்க. கஞ்சி குடிக்கிறது அவங்கவங்க வீட்டுலதான், போய்ப் பாருங்க” என்று சொன்னாள். எழுத்தர் அதை முழுவதும் எழுதினார். நாடாள்வார் முதல் பாதியை மட்டும் படித்து நிறுத்திக்கொண்டார். அவளுக்கு விலங்கு பூட்டினார். பிள்ளைகளைத் திருட்டுப்பொருள் என்று பறித்து, பழைய நெற்கொட்டாரத்தில் அடைத்தார்.

பெற்றவர்கள் வந்து இது என் பிள்ளை என்று உரக்கச் சொன்னால் தந்துவிடுவதாகவும் முரசறைந்தார். வாசலில் உங்கள் பெண்கள் நின்றார்கள். உள்ளே அழுகிற குரல் எது தன்னுடையது என்று ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருந்தது. ஒரே ஒரு சொல் சொன்னால் குழந்தை கைக்கு வரும். அந்தச் சொல்லே அதன் உயிரைக் கொண்டுபோய்விடும் என்று அஞ்சி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள். நாடாள்வார் மாடத்திலிருந்து பார்த்து, உரிமை கோர ஒருத்தியும் இல்லை, ஆகவே திருட்டு மெய்ப்பட்டது என்று முடிவு கட்டினார். இதை எழுதும் எமக்குக் கை கூசுகிறது.

அத்தோடு விட்டாரா? தம் வெற்றியைப் பேரவையில் எல்லோரும் கேட்க வாசிக்க வேண்டும் என்றும், தம்மை வளர்த்த பெரியநங்கை அம்மையாரைச் சிவிகை அனுப்பி வரவழைத்து முன்வரிசையில் அமர்த்த வேண்டும் என்றும் எழுதினார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். வேந்தர் அப்படியே செய்தார். சோழிக்கு விற்றதும் தவிட்டுக்கு வாங்கியதும் வாசிக்கப்பட்டபோது அம்மையார் முகத்தை மூடிக்கொண்டார். அவையில் பலர் இருமினார்கள். ஏனெனில் உங்கள் கணக்கறி பேரரையருக்குப் பிறந்தபோது வைத்த பெயர் தவிட்டான். அவருக்கு முன் பிறந்த மூன்றும் தொட்டிலிலேயே போயின. நான்காவதை அண்டை வீட்டுச் செம்பாயிக்குக் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். இது அவருக்குத் தெரியாததன்று. தம் தெருவில் நடந்தால் வழக்கம், வேறு மொழி பேசுகிறவர் தெருவில் நடந்தால் திருட்டு. இவ்வளவே அவருடைய நீதிநூல்.

செம்பாயியையும் வேந்தர் வரவழைத்தார். நாடாள்வாரின் விதிப்படி அவர் உன் உடைமை, அழைத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். அவள், “அந்தத் தவிட்டை என் எருமை தின்னுச்சு, நல்லா பாலு குடுத்துச்சு. பேரத்துல எனக்குத்தான் லாபம் மகாராசா, பண்டத்தைத் திருப்பிக் குடுத்துறாதீங்க” என்றாள். அவை சிரித்தது. வேந்தர் சிரிக்கவில்லை. பிள்ளைகளைப் பெண்களிடமிருந்து பிரித்தவனுக்குத் தலை எதற்கு என்றார். பிறகு பெரியநங்கை அம்மையாரை நோக்கி, அவன் உன் பிள்ளை என்று ஒரு சொல் சொல், உனக்காக அவன் உயிரை விட்டுவைக்கிறேன் என்றார்.

அம்மையார் எழுந்தார். “என் புள்ளை இல்லீங்க மகாராசா. செம்பாயி புள்ளை. தவிட்டுக்கு வாங்கினேன், சோறு போட்டேன், அம்புட்டுதான்” என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே சரிந்து அழுதார். பிப்ராகட்டின் கொட்டாரத்து வாசலில் நிற்பவர்கள் யார் என்று வேந்தருக்கும் எங்களுக்கும் அப்போதுதான் கண்ணெதிரே தெரிந்தது. வேந்தர் இறங்கி வந்து அவரைத் தாங்கினார். நாடாள்வாரின் தலை தப்பியது.

ஆகவே கட்டளையாவது: இவ்வோலை வாசித்து முடிந்த கணமே கொட்டாரத்தின் தாழைத் தவிட்டான் தன் கையால் திறக்க. பூல்மதியின் விலங்கைத் தானே கழற்றுக. பல்லக்கின்றி, பட்டுத்துணியின்றி, ஒவ்வொரு பிள்ளையாகத் தோளில் சுமந்து, பூல்மதி காட்டும் வீட்டு வாசலில் இறக்கிவிடுக. யார் பிள்ளை என்று எவரையும் கேளாதிருக்க. பேரரையர் பட்டம் பறிக்கப்பட்டது. குடிகளைப் பஞ்சாயத்தாரே, பிள்ளைகள் உண்ணும் அடுப்பை வைத்து எண்ணுக. தலை எத்தனையோ அத்தனைக்கும் ஓடம் வரும். உங்களை அதிகம் என்று இனி எவனும் எழுதான்.

அரசமுத்திரை இடுமுன் பெரியநங்கை அம்மையார் எம்மிடம் கேட்டுக்கொண்டது ஒன்று உண்டு. அதற்கு இணங்கி, இவ்வோலையில் அவரை நாடாள்வாரின் தாய் என்று நாம் எங்கும் எழுதவில்லை.

வேங்கை முத்திரை இடப்பட்டது. கேட்டபடி நடக்க.