தகரத் தாயத்து

மான்ட்ரியால்
12-5-1973

அம்மாவுக்கு, மௌலி கிழக்கே பார்த்து நமஸ்கரிக்கிறேன். மூட்டுவலி தேவலையா? தங்கை அனுசூயா தைலம் தேய்த்துவிடுகிறாளா? நான் சௌக்கியம்.

ஒரு வேடிக்கை கேள். இந்த வாரம் முதல் ஊருக்கு வெளியே, ராணுவம் சுட்டுப் பழகிய பழைய மைதானத்தில் வேலை. வெடிக்காமல் மண்ணுக்குள் போன குண்டுகளைக் காட்டும் கருவியை, நீளமான மரக்கழியில் கட்டி டிராக்டர் இழுத்துப் போகும். நான் கருவியை ஒட்டியே நடக்க வேண்டும். கீழே இரும்பு இருந்தால் ஊசி துள்ளும். தோண்டுவது பட்டாளத்துக்காரர்கள், நான் இல்லை. பயப்படாதே.

சாவி, பெல்ட் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் இறங்கினேன். ஆனாலும் போன இடமெல்லாம் ஊசி துள்ளியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தோண்டினார்கள், புழுதான் வந்தது. கடைசியில் பார்த்தால், மீனம்பாக்கத்தில் நீ என் புஜத்தில் கட்டிவிட்ட தாயத்து! அதன் கூடு தகரம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கழற்றினேன்.

இப்போது நாள் முழுக்க நடந்தாலும் ஊசி அசைவதில்லை. நான் பக்கத்தில் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் என் மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்களுக்கும் அப்படித்தான். மூன்று வருஷமாக இங்கே என்ன செய்கிறேன் என்று எனக்கே புரியவில்லை அம்மா.

சாயங்காலம் வந்து தாயத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறேன். ஒரு கையாலும் பல்லாலும் முடிச்சு விழமாட்டேன் என்கிறது. கட்டிவிடச் சொல்ல யாருமில்லை. வெள்ளிக்கு ஊசி துள்ளாது; வெள்ளிக் கூட்டில் ஒன்று செய்து, நீயே முடிச்சுப் போட்டு அனுப்பு. அப்படியே மாட்டிக்கொள்கிறேன்.

பஸ் வந்துவிட்டது.
மௌலி

வளையம் சின்னதாகவே இருக்கட்டும். என் கை முன்போல் இல்லை.