பின்கதவில் ஒரு ஜப்பான் சிலிப்பர்

2.8.1993, திங்கள்

அப்பாவின் ஃபேக்டரியில் கொடுத்த டைரி ஏழு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று நான் எடுத்துக்கொண்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், எனக்கு வெட்கமாக இருப்பதையும் விடமாட்டேன். இப்படிக்கு புனிதா மணியம், படிவம் இரண்டு, வயது பதினான்கு.

முதலில் எங்கள் கார். பழைய நீல ஸ்டேஷன் வேகன். தோட்டத்தை விட்டு எல்லாரும் குருபோங் பக்கம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டோம். தமிழ்ப்பள்ளி மட்டும் நான் வரமாட்டேன் என்று ரப்பர் மரங்களுக்கு நடுவிலேயே நிற்கிறது. அதனால் அம்மா தினமும் காலை ஆறேகாலுக்கு எங்கள் வீட்டு வரிசைப் பிள்ளைகள் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போய் அங்கே விடுகிறார். ஏழு வருடமாக இதுதான் அம்மாவின் வேலை. திரும்பும் வழியில் நான் என் இடைநிலைப்பள்ளியில் இறங்கிக்கொள்வேன். முன் சீட்டு எனக்கு. நடு சீட்டில் நான்கு பேர். பின்பெட்டியில் பாய் போட்டு இரண்டு பேர், போகிற பாதையைப் பார்க்காமல் வந்த பாதையைப் பார்த்தபடி. அந்த இடத்துக்குத்தான் சண்டை.

காரின் சத்தம் டிராக்டர் சத்தம். புகைக்குழாயில் ஓட்டை, அப்பா பால் டின்னை வெட்டிக் கம்பி சுற்றி வைத்திருக்கிறார். அம்மா ஸ்டார்ட் பண்ணியதும் வரிசையில் வீடு வீடாக விளக்கு எரியும். ஹாரனே தேவையில்லை. “ஹாரன் அடிக்க நான் என்ன ரொட்டிக்காரனா?” என்பார் அம்மா.

கடைசி வீடு கோமளா அக்காவுடையது. மகள் தேவிஸ்ரீக்கு இதுதான் பள்ளியில் முதல் ஆண்டு. கார் முனை திரும்பும்வரை வாசல் விளக்கை அணைக்காமல் அக்கா நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

3.8.1993, செவ்வாய்

என் கண்டுபிடிப்பு! பின்பெட்டியில் ஒரே புழுக்கம் என்று புவனேஷ் (ஒன்பது வயது, வாய் பத்தொன்பது) தினமும் அழுகிறான். அறிவியல் பாடத்தில் காற்றோட்டம் பற்றிப் படித்தோம் அல்லவா? பின்கதவைச் சாத்துவது என் வேலை. இன்று என் பழைய ரப்பர் செருப்பை, அதுதான் ஜப்பான் சிலிப்பரை, கதவிடுக்கில் செருகிச் சாத்தினேன். முதல் கொக்கியில் நின்றுகொண்டது. இரண்டு விரல் அகல இடைவெளி. “ஜில்லுனு வருதுக்கா!” என்றான்.

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். கதவை இறுகச் சாத்த வேண்டும் என்பது அம்மாவின் சட்டம்.

5.8.1993, வியாழன்

தேவிஸ்ரீ இன்று பின்பெட்டியில். நல்ல தூக்கம். என் காற்றோட்டத்தால்தான்.

6.8.1993, வெள்ளி

ஐயோ.

தேவிஸ்ரீ பள்ளி வாசலில் இறங்கியதும் வாந்தி எடுத்தாள். தலை வலிக்கிறது என்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. வாத்தியார் தண்ணீர் கொடுத்து மர நிழலில் உட்கார வைத்தார். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டாளாம்.

சாயங்காலம் கோமளா அக்கா வந்தார். அவர் க்ளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். எதையும் முகர்ந்து பார்ப்பார். தேவிஸ்ரீயின் பள்ளி உடுப்பை அம்மாவிடம் நீட்டினார்.

“மோந்து பாருங்கக்கா. ஒரே பொகை நாத்தம்.”

அம்மா முகர்ந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே இவ வீரமுத்தோட ஸ்கூல் வேன்ல போகட்டும்.”

அக்கா போன பிறகு அம்மா காரைச் சுற்றி ஒரு சுற்று நடந்தார். பிறகு மற்ற வீடுகளுக்கும் போய்த் தானே சொல்லிவிட்டார்: “இந்தப் பொகைய வச்சுக்கிட்டு உங்க பிள்ளைங்கள ஏத்தமாட்டேன். லீவுல சரி பண்றேன்.” அவர்களும், சரிக்கா, அதுவரைக்கும் வீரமுத்து வேனில் போகட்டும் என்றார்களாம். வேனில் ரேடியோ உண்டு. ஒருமுறை ரேடியோ கேட்ட பிள்ளைகள் திரும்பி வருவார்களா? வராவிட்டால் காரை விற்றுவிடப் போவதாக அம்மா சொல்கிறார்.

சிலிப்பரை யாரும் பார்க்கவில்லை. அதை எடுத்துக் காலில் போட்டுக்கொண்டேன்.

9.8.1993, திங்கள்

பஸ்ஸில் பள்ளிக்குப் போனேன். நூலகத்தில் மலாய் மொழியில் தடிமனான மோட்டார் புத்தகம் ஒன்று இருந்தது. ஓய்வு நேரத்தில் சாப்பிடாமல் படித்தேன். கார் ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்றுகொண்டே இருக்குமாம். பின்கதவு கொஞ்சம் திறந்திருந்தாலும் அந்தச் சுழல் புகையை உள்ளே இழுத்துவிடுமாம். புகையில் வாடையில்லாத நச்சு ஒன்று உண்டு. அது முதலில் தூக்கம் வரவைக்கும்.

தேவிஸ்ரீ தூங்கினாளே, அது தூக்கமே இல்லை.

நடந்ததை எழுதுவேன் என்றுதானே எழுதினேன். சொல்வேன் என்று எழுதவில்லையே. இந்த வாக்கியத்தை மூன்று முறை படித்துவிட்டேன். வக்கீல் மாதிரி இருக்கிறது.

14.8.1993, சனி

விடுமுறை. பொத்தோங் கடைக்குப் போனோம். வெளிநாட்டுக் கார்களை இரண்டாக அறுத்து உதிரி உதிரியாக விற்கிற இடம். மூக்கில்லாத கார்கள், பின்பக்கமில்லாத கார்கள். அப்பா சைலன்சர் குவியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“எங்க காருக்கு உள்ளதே கெடைக்குமா?” என்று அம்மா கடை முதலாளி தவுக்கேயிடம் மலாயில் கேட்டார்.

“அதே பழையதையா திரும்பப் போடப்போற, அக்கா? பெரிய காரோடத போடு.”

அம்மா குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார், மார்க்கெட்டில் தேங்காய் தட்டுவது போலவே. துருப்பிடித்ததெல்லாம் டப் என்றது. கடைசியில் பெரிய கார் ஒன்றின் சைலன்சரும், நடுவில் வைக்க இன்னொரு சிறிய சைலன்சரும், துருப்பிடிக்காத எஃகுக் குழாயும் வாங்கினோம். நானும் ஒரு யோசனை சொன்னேன்: பழைய குழாய் பின்கதவுக்கு அடியிலேயே முடிகிறது; புதியது பம்பரைத் தாண்டி நீளட்டும், வலது பக்கம் வளையட்டும். பிள்ளைகள் இடது பக்கம்தானே ஏறுகிறார்கள்?

“புத்தகத்துல படிச்சியா?” என்றார் அப்பா.

“ஆமா.”

“நல்ல புள்ள” என்று அம்மா தலையைத் தடவினார். நான் குழாயைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

15.8.1993, ஞாயிறு

இன்று கை கால் எல்லாம் கரி. ஆனால் எழுதியே ஆகவேண்டும்.

அப்பா நண்பரிடம் இரவல் வாங்கிய நான்கு இரும்பு ஸ்டாண்டுகளில் காரைத் தூக்கி நிறுத்தினார். பிறகு அப்பாவும் அம்மாவும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அம்மா என் பழைய விளையாட்டு பேண்டைப் போட்டிருந்தார். வெளியே தெரிந்தது நான்கு பாதங்கள் மட்டும். நான் டார்ச் பிடிப்பவள், ஸ்பானர் நீட்டுபவள்.

அப்பா ஃபேக்டரியில் நகத்தளவு கம்ப்யூட்டர் சில்லுகளைச் சோதிப்பவர். பெரிய நட்டைக் கண்டால் அவருக்குக் கூச்சம்.

“ஏங்க, எந்தப் பக்கம் சுத்துறீங்க?”

“லூஸ் பண்ற பக்கம்தான்.”

“டைட்டாவுதுங்க அது.”

ஸ்பானர் நின்றது.

“அதான் இவ்ளோ கஷ்டமா இருக்கா?” என்றார் அப்பா.

பக்கத்து வீட்டு ராமையா மாமா காப்பிக் குவளையோடு வேலியோரம் வந்து நின்றுவிட்டார். எது நடந்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான். நட்டு சுற்றவில்லை: “சுத்தியல எடு, மணியம்.” போல்ட் துருவில் ஒடிந்தது: “அப்பவே சொன்னேன்லா, சுத்தியல எடுன்னு.” பழைய குழாய் தானாகவே இரண்டாக முறிந்து அப்பாவின் மார்பில் பால் டின்னோடு விழுந்தது. மாமா வாயைத் திறப்பதற்குள், “எடுக்கமாட்டேன்!” என்று அடியிலிருந்து அப்பா கத்தினார்.

குழாயைத் தொங்கவிடும் ரப்பர் வளையங்கள் கழலவே இல்லை. அம்மா பாத்திரம் கழுவும் சோப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

“காருக்கடியில என்ன பாத்திரமா கழுவுறே, கமலவேணி?” என்றார் மாமா.

“இல்லண்ணே. முடிச்சிட்டு உங்க வாயக் கழுவலாம்னு.”

சோப்பு தடவியதும் வளையங்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. புதிய குழாய்களை முதலில் தளர்வாகவே மாட்டினோம்; எல்லாம் நேராக நின்ற பிறகு முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொரு கிளாம்பாக இறுக்கினோம். அப்பா புதிய கேஸ்கட் வைத்தார். இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் பூசினேன். கசிந்தால் நுரை பொங்கும்.

அம்மா சாவியைத் திருப்பினார். நாங்கள் காத்திருந்தோம்.

“ஸ்டார்ட் பண்ணு வேணி” என்றார் அப்பா.

“பண்ணிட்டேங்க!”

நுரையே இல்லை. தையல் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ராமையா மாமாகூட குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

ஆனால் ஒன்று. பின்கதவைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா ஓரத்து ரப்பரில் விரலை வைத்து, “இங்க மட்டும் ஏன் நசுங்கியிருக்கு?” என்றார். நான் டார்ச்சை அணைத்துவிட்டு, “தெரியலம்மா” என்றேன்.

இந்த டைரியில் நான் எழுதும் முதல் பொய். எழுதியது உண்மை. சொன்னதுதான் பொய்.

22.8.1993, ஞாயிறு

அம்மா ஆறு வீடுகளுக்கும் போய், “நாளைக்குக் காலைல வர்றேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். எல்லாரும் சரி என்றார்களாம். கோமளா அக்கா மட்டும், “பொகைய கண்ணால பாக்க முடியாதுக்கா. எனக்கு மனசு வரல” என்றாராம்.

23.8.1993, திங்கள்

ஆறேகால். முதல் வீட்டின் முன் நின்றோம். இருட்டு. அடுத்த வீடு, இருட்டு. ஒரு விளக்குகூட எரியவில்லை.

“எல்லாம் வேனுக்கே போயிருச்சுங்க போல” என்றார் அம்மா. குரல் அம்மாவுடையது மாதிரியே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறரை வரை நின்றோம். பிறகு அம்மா, ஏழு வருடத்தில் முதல் முறையாக, ஹாரனை அழுத்தினார்.

ஒரு கதவு திறந்தது. ராமையா மாமா கையில் சில்லறையோடு ஓடிவந்தார். “தம்பி, காயா ரொட்டி இருக்கா?”

அம்மா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் புவனேஷ் கையில் பல்தேய்ப்புத் தூரிகையும் வாயில் நுரையுமாக வந்து நின்றான். “என்ன ஆன்ட்டி நீங்க! சத்தமே கேக்கல! எங்கம்மா இன்னும் தூங்குறாங்க!”

அவ்வளவுதான் விஷயம். கடிகாரத்துக்குப் பதில் எங்கள் ஓட்டைக் குழாயைத்தான் இந்த வரிசையே நம்பியிருந்திருக்கிறது! ஐந்து பேரும் வந்தார்கள், ஒருத்தன் ஒரு காலில் மட்டும் காலுறையோடு. பள்ளிக்குப் போகும்போது மணி அடித்துவிட்டிருந்தது. தலைமையாசிரியர் கேட்டபோது, “கார் நல்லா ஆயிருச்சு சார், அதான் லேட்டு” என்றான் புவனேஷ்.

24.8.1993, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அம்மா ஏழு வருடம் கட்டிக்காத்த பெயரை நான் கெடுத்துவிட்டு நல்ல பிள்ளையாக இருப்பது எப்படி? அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். சிலிப்பர், இடைவெளி, சத்தியம், புத்தகம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அம்மாவின் கை நின்றது. குழாயை மூடினார்.

“எந்தக் கால் சிலிப்பர்?”

“எடது.”

“எடுத்துட்டு வா.”

அடிக்கத்தான் என்று நினைத்தேன். நல்லவேளை, அம்மாவுக்கு மீன் கை. சிலிப்பரை என் கையிலேயே விட்டு, “இதோட கோமளா வீட்டுக்குப் போ. எனக்குச் சொன்னத அங்க சொல்லு. நான் வரமாட்டேன்” என்றார்.

போனேன். சொன்னேன். கோமளா அக்கா சிலிப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். “எம்புள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா?” என்று மட்டும் கேட்டார். அழுதுவிட்டேன். தேவிஸ்ரீ வந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். அது இன்னும் மோசம்.

வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து அக்கா, “வியாழக்கிழமை எனக்கு லீவு. நானே ஏறிப் பாக்குறேன். பின்னாலதான் உக்காருவேன். அம்மாகிட்ட சொல்லு” என்றார்.

26.8.1993, வியாழன்

கோமளா அக்கா பின்பெட்டியில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் தாடைக்கு நேராக, மடியில் கைப்பை, பக்கத்தில் புவனேஷ். நான் கதவைச் சாத்தி இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். அம்மாவின் கண் ரோட்டில் பாதி, கண்ணாடியில் பாதி.

ரப்பர்க்காட்டுக்குள் திரும்பியதும் அம்மா சட்டென்று பிரேக் போட்டார். கண்ணாடியில் பார்த்தேன். அக்காவின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அசையவே இல்லை.

அம்மா இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்தார். “கோமளா! கோமளா!” கன்னத்தில் இரண்டு தட்டு.

அக்கா கண்ணைத் திறந்தார். “ஏங்க்கா அடிக்கிறீங்க? பள்ளிக்கூடம் வந்துருச்சா?”

“தூங்கிட்டியே!”

“தூங்காம? நேத்து முழுக்க க்ளினிக்ல காய்ச்சக் கூட்டம். வீட்டுக்குப் போனா தேவிஸ்ரீ அப்பா கொறட்டை. உங்க காருலதான் சத்தமில்லாம இருக்கு.” பிறகு தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார். சேலை முந்தானையை முகர்ந்தார். “தலவலி இல்ல. கொமட்டல் இல்ல. வாடையும் இல்ல.”

“நீங்க எச்சி வடிச்சீங்க ஆன்ட்டி” என்றான் புவனேஷ்.

திரும்பி வந்து இறங்கியபோது அம்மா கேட்டேவிட்டார்: “அப்புறம்?”

“பாக்கலாங்க்கா.”

அவ்வளவுதான். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம்?

27.8.1993, வெள்ளி

தேவிஸ்ரீ வேனில்தான் போனாள். மற்ற வீடுகளில் அலாரம் அடிப்பது ரோட்டுக்கே கேட்கிறது.

30.8.1993, திங்கள்

தூறல். ஐந்து வீட்டுப் பிள்ளைகளும் வாசலில் குடையோடு தயாராக நின்றார்கள். ஐவரையும் ஏற்றிக்கொண்டு கடைசி வீட்டைத் தாண்டப் போனோம். அம்மா பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார். கார் மெல்ல நின்றது.

வாசல் விளக்குக்கடியில் கோமளா அக்காவோடு தேவிஸ்ரீ, முதுகில் பை, இரட்டைச் சடை. “நான் பின்னாலதான்!” என்றாள். புவனேஷ் சண்டை போடாமல் நகர்ந்துகொண்டான். அம்மா வைப்பரைப் போட்டார், நிறுத்தினார், மறுபடி போட்டார்.

நான் இறங்கிப் போய்ப் பின்கதவைச் சாத்தினேன். கொக்கி இரண்டு முறை சொடுக்கியது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. முன் சீட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன், கோமளா அக்காவுக்குக் கை காட்டலாம் என்று. நாங்கள் இன்னும் முனைகூடத் திரும்பவில்லை. அதற்குள் அக்கா உள்ளே போய்விட்டார். வாசல் விளக்கையும் அணைத்துவிட்டார்.